ராஜாவின் மாங்காய்க்கு ஏற்ற உருக்கு

வெகுகாலத்துக்கு முன்னால், மாங்காய்க்கு உப்பு உண்டு, மிளகாய்ப்பொடி இன்னும் கப்பலேறி வராத காலத்தில், செங்கரை நாட்டை மாணிக்கபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் ஒரு ஆசை தலைக்குள் புகுந்துவிட்டால், அது இறங்கும்வரை நாட்டுக்கே தூக்கம் கிடையாது. ஒரு வருஷம் கிளி. மறுவருஷம் மல்யுத்தம். அதற்கடுத்த வருஷம் மடக்குக் கத்தி. அந்த ஆசை மட்டும் நாலு வருஷமாகியும் இறங்கவில்லை.

தினமும் மத்தியானம் சபை நடுவில் ராஜா ஒரு மாங்காயைத் தம் கையாலேயே நறுக்கி உப்பில் தொட்டுத் தின்பார். வேறு யார் நறுக்கினாலும் ருசிக்காது. அதற்காகத்தான் இடுப்பில் அந்தச் சின்னக் கத்தி. "உலகத்தில் உயர்ந்த உருக்கு எது?" என்று அவர் கேட்டதும் ஏழு தேசத்துக் கத்திகள் வந்து குவிந்தன. ஒன்று கண்ணாடிபோல மின்னியது, மூன்றாம் மாங்காயில் மழுங்கியது. ஒன்று கூர் மாறவில்லை, ஆனால் புளிப்பு பட்டதும் கறுத்துத் துருப்பிடித்து ராஜாவின் பட்டு வேட்டியைப் பாழாக்கியது.

அந்தக் கத்திகளையெல்லாம் பழுதுபார்த்துக் கொடுத்தவள் சடைச்சி. அரண்மனைத் தெருக்கோடியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தாள். "சடைச்சி தீட்டினால் கத்திக்கு உயிர் வந்துவிடுகிறது" என்று ராஜா ஒருநாள் வாய்தவறிப் புகழ்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஆயுதசாலைத் தலைவர் வீரகேதுவுக்குச் சோறு இறங்கவில்லை. போதாததற்கு, அவள் சம்மட்டிச் சத்தம் அவருடைய மத்தியானத் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தது.

கப்பல் வியாபாரி ஒருவனிடம் அவர் ஒரு கத்தி வாங்கிவந்தார். அலை அலையாய்க் கோடோடிய உருக்கு. "மகாராஜா, இதன் முன்னால் உள்ளூர் இரும்பு வெறும் வாழைத்தண்டு. போட்டி வையுங்கள். இது ஜெயித்தால் அந்தப் பட்டறையை மூடிவிடலாம். சும்மா சத்தம்தானே வருகிறது அங்கிருந்து" என்றார்.

ராஜாவுக்குப் போட்டி என்றால் போதும். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

சேதி சடைச்சிக்கு எட்டியது. அப்பன் விட்டுப்போன உலை. அது அணைந்தால் அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது. இருந்தாலும் ஒரு கத்தி அடித்து முடித்து, மடியில் எதையோ முடிந்துகொண்டு சபைக்குப் போனாள்.

முதல் பரீட்சை, ஆணியை வெட்டுவது. வீரகேதுவின் கத்தி ஆணியை இரண்டு துண்டாக்கியது. சடைச்சியின் கத்தி விளிம்பு நசுங்கிப் பல் விழுந்தது. இரண்டாவது, தென்னங்கயிற்றை நூறு தடவை அறுப்பது. அவள் கத்தி அறுபதிலேயே மழுங்கியது. அவருடையது நூறாவது கயிற்றையும் புதிதுபோல அறுத்தது. சபை கைதட்டியது. வீரகேது மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இனி என்ன இருக்கிறது, சடைச்சி?" என்றார் ராஜா.

சடைச்சி ஓர் அடி முன்னால் வந்தாள். "மகாராசா, நீங்க ஆணி திம்பீங்களா?"

"இல்லை" என்றார் ராஜா.

"கயிறு?"

"அதுவும் இல்லை."

"அப்போ திங்கிற பொருளை நறுக்கிப் பாத்துட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க. உங்க கையாலயே." மடியை அவிழ்த்து இரண்டு மாங்காய்களை எடுத்து வைத்தாள். பால் வடியும் பச்சை மாங்காய். ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறியது.

"ஆணியை வெட்டிய கத்திக்கு மாங்காய் ஒரு பொருட்டா?" என்று சிரித்தபடியே வீரகேது கத்தியை நீட்டினார்.

ராஜா வழக்கம்போல மாங்காயில் கத்தியை இறக்கினார். வழக்கம்போல நுனியைக் கொட்டைக்குள் செலுத்தினார். வழக்கம்போல ஒரு திருகு திருகினார். டக்கென்று முறிந்து பாதிக் கத்தி கொட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

சடைச்சி சபைப் படிக்கட்டுக் கல்லில் தன் கத்தியை நாலு இழுப்பு இழுத்து, விளிம்பில் விழுந்த பல்லைத் தேய்த்துக் கொடுத்தாள். அதையும் ராஜா இறக்கினார், திருகினார். கத்தி வளைந்தது, கொட்டை பிளந்தது. அவள் அதை வாங்கி, வாசல் நிலையில் வைத்து அழுத்தி நிமிர்த்தி, மறுபடி கல்லில் தேய்த்து நீட்டினாள். ராஜா மிச்சத்தையும் நறுக்கித் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே கேட்டார்.

"வீரகேது, உம்முடைய கத்தி ஏன் முறிந்தது?"

வீரகேது மனசுக்குள் கணக்குப் போட்டார். உருக்கில் கோளாறு என்றால் தோற்றுப்போவார். ராஜா திருகியதுதான் கோளாறு என்றால் தலை தப்பாது. "மகாராஜா... உருக்குதான்... கொஞ்சம் மட்டம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"இல்லை மகாராசா" என்றாள் சடைச்சி. "அது பொய். நல்ல உருக்கு அது. ரொம்பக் கெட்டி, அதனால வளையாது, முறியும். என்னுது கொஞ்சம் மெத்து, மழுங்கும், ஆனா வளைஞ்சு கொடுக்கும். நாலு வருசமா உங்க கத்தியெல்லாம் என்கிட்டத்தான் வருது. எல்லாமே ஒரே பக்கம் கோணி வரும். ஏழு தேசத்து இரும்பும் அப்படிக் கோணுமா? கோளாறு இரும்பில இல்ல. நீங்க திருகுறீங்க."

ராஜா தம் வலது கையை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாலு வருஷமாய் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவருக்கும் இது தெரியவில்லையா?" எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

உலை அணையவில்லை. பட்டறைக்கு அரண்மனைக் காட்டிலிருந்து ஆயுசு முழுக்கக் கரி. வீரகேதுவுக்குப் பதவி நீடித்தது, ஆனால் இரும்பைப் பற்றி அறிந்துகொள்வதற்காக ஒரு வருஷம், தினம் மத்தியானம், அவர் தூங்கும் அதே நேரத்தில், சடைச்சியின் துருத்தியை மிதிக்க வேண்டும் என்று உத்தரவு.

மறுநாளே அரண்மனையிலிருந்து ஒரு கத்தி வந்தது. துருத்தி மிதித்துக்கொண்டிருந்த வீரகேது அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலப்பக்கம் கோணியிருந்தது.

"உருக்கு மட்டமா ஐயா?" என்றாள் சடைச்சி.

வீரகேது தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு வாழ்நாளில் முதன்முறையாக உள்ளதைச் சொன்னார்.

"மகாராஜா திருகியிருக்கிறார்."