தனகோடி குத்திய நெல்

அந்த வட்டாரத்தில் முதன்முதலாக எண்ணெய் எஞ்சின் வாங்கி அரிசி ஆலை வைத்தவர் தனகோடி. ஆற்றங்கரை மடத்து அடிகளுக்கு அவர் சீடர். வயதில் குருவைவிட மூத்தவர்.

ஒரு காலை மடத்துக்கு வந்தவர் உட்காரவில்லை.

"ஆலை வாசல்ல ஒருத்தி மண்ணை வாரித் தூத்திட்டா, சாமி."

"யாரு?"

"செங்கமலம். எங்க வீட்டுக்கு நெல் குத்தினவ. நெல் குத்தின பொம்பளைங்க யாருமே இப்ப என் மூஞ்சியில முழிக்கிறதில்ல. கை காய்ச்சுக் கிடந்தவங்களுக்கு நல்லதுதானே செஞ்சேன்? பாவம்னு நீங்க சொன்னா இன்னிக்கே எஞ்சினை வித்துடுறேன்."

அடிகள் எழுந்தார்.

"ஒரு மரக்கால் நெல் எடுத்துட்டு வாங்க."

இருவரும் செங்கமலத்தின் வீட்டுக்குப் போனார்கள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. உரலில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அவள் அடிகளைக் கும்பிட்டாள். தனகோடியைப் பார்க்கவில்லை.

"இவரு நெல் குத்தப்போறாரு. உலக்கையைக் குடும்மா."

"ஏன் சாமி, மொதலாளியோட எஞ்சின் மக்கர் பண்ணுதா?" என்று கேட்டுக்கொண்டே கோழியை விரட்டினாள்.

தனகோடி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குத்தினார். நெல் நாலாபக்கமும் தெறித்தது.

"அது நெல்லு மொதலாளி, பாம்பு இல்ல. இந்த அடி அடிக்கிறீங்களே!"

உள்ளங்கை கொப்பளித்தது. ஒருவழியாகக் குத்தி முடித்து, மூச்சு வாங்க, சுவரில் சாய்ந்தார்.

"இதை எப்படிம்மா நாள் முழுக்கச் செஞ்சே?"

"புள்ள பெத்த பச்சை உடம்போட குத்தியிருக்கேன். இடுப்பு அத்துப்போகும்."

"அப்ப எஞ்சின் வந்தது நல்லதுதானே?"

"நல்லதுதான். யாரு இல்லேன்னா?"

"பின்னே ஏன் மண்ணைத் தூத்தினே?"

அவள் குத்தியதை உரலிலிருந்து அள்ளினாள். முறத்தை எடுத்துப் புடைத்தாள். உமி பறந்தது. முழு அரிசியை ஒரு பக்கம் ஒதுக்கினாள். தவிட்டையும் நொறுங்கிய குருணையையும் தனியாகச் சேர்த்து, தனகோடியின் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்குங்க."

"எனக்கெதுக்கு?"

"அரிசி நெல்லுக்காரங்களுக்கு. தவிடும் குருணையும் குத்தினவங்களுக்கு. அதானே வழக்கம்? நீங்கதானே குத்தினீங்க."

"நீயே வச்சுக்கம்மா."

"இந்தக் குருணையிலதான் எம்புள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்சினேன். ஆனா குத்தாம வாங்கினதில்ல."

திரும்பி வரும் வழியில் தனகோடி சொன்னார்.

"எஞ்சின் இவங்க கஞ்சியைக் குடிச்சிடுச்சு, சாமி. வித்துடுறேன்."

"வித்தா, அவ பொண்ணும் பச்சை உடம்போட குத்துவா."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

அடிகள் நின்றார்.

"ஆலையில விழுற தவிடும் குருணையும் எங்க போகுது?"

"தீவனக்காரன் வண்டியில ஏத்திட்டுப் போறான். நல்ல விலைக்கு..." தனகோடி பாதியில் நிறுத்தினார்.

அடிகள் அவருடைய கொப்பளித்த கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"எஞ்சின் எண்ணெய்தான் குடிக்கும், தனகோடியாரே. அது கஞ்சி குடிக்காது."