கூழைக்கடா கட்டிய திறை

முன்னொரு காலத்தில், ஒரு பக்கம் காடும் மறுபக்கம் ஏரியுமாக இருந்த ஒரு நாட்டை, பதவி கொடுப்பதில் ஆசை மிகுந்த ராஜா ஒருவர் ஆண்டுவந்தார். யார் எதைப் பரிசாகக் கொண்டுவந்தாலும் அதற்கு ஒரு பதவி கிடைத்துவிடும். ஒருமுறை தோட்டக்காரன் கொடுத்த பூசணிக்காயைப் பிரதானி ஆக்கி, அது அழுகும்வரை அவையில் ஆசனம் போட்டு வைத்திருந்தார்.

அந்த அவையில் விகடம் பேசும் வேலை சடைச்சி என்பவளுக்கு. அவள் அப்பா பார்த்த வேலை அது. அவர் இறந்தபோது, "பெண்பிள்ளை அவையில் நின்று பேசுவதா?" என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். சடைச்சி நேராகப் பூசணிக்காயிடம் போய், "பிரதானியாரே, தாங்கள் ஒருவராவது வாயைத் திறக்காமல் இருக்கிறீர்களே, மிக்க நன்றி" என்று கும்பிட்டாள். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். வேலை அவளுக்கே கிடைத்தது. அன்று முதல் அவளைக் கண்டாலே ஆகாதவர்களில் முதல் ஆள், வேட்டைத் தலைவர் ரணகேசரி.

ஒருநாள் மலைக்காட்டிலிருந்து ராஜாவுக்கு ஒரு பருந்து பரிசாக வந்தது. தலையில் குடுமி, வளைந்த அலகு, மஞ்சள் கண். ராஜா அந்த நிமிஷமே அதைத் தளபதி ஆக்கினார். ரணகேசரி தோலுறை போட்ட கையில் அதை ஏந்திக்கொண்டு மெல்லப் பேச்செடுத்தார்.

"மகாராஜா, தளபதிக்கு ஒரு மாளிகை வேண்டாமா? ஏரிக்கரை ஊரில் நாற்பது புளியமரங்கள் நிற்கின்றன. வெட்டினால் தூணுக்கு ஆகும்."

சடைச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் பிறந்த ஊர். அந்தப் புளியமரங்களில்தான் வருஷாவருஷம் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்த ஊரில் கல்யாணத்துக்குக்கூடக் கொட்டு அடிக்க மாட்டார்கள். போன மாதம் ரணகேசரியின் பல்லக்கு அவ்வழியே போனபோது, அவருடைய புதுப் பட்டுத் தலைப்பாகையில் ஒரு கூழைக்கடா எச்சமிட்டுவிட்டது. அந்தக் கோபம்தான் இப்போது மாளிகை கேட்கிறது.

"மகாராஜா, அங்கே கூழைக்கடாக்கள் குடியிருக்கின்றன" என்றாள் சடைச்சி. "அவையும் தங்கள் குடிகள்தானே?"

"கூழைக்கடாவா!" ரணகேசரி உரக்கச் சிரித்தார். "அலகுக்கடியில் பையைத் தொங்கவிட்டுச் சேற்றில் மிதக்கிற அதையும் நம் தளபதியையும் ஒன்றாகப் பேசுகிறாயா? தளபதியின் நகத்துக்கு ஆகுமா அது?"

"நகத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் ஐயா. பையில்தான் ஏதாவது கொண்டுவர முடியும்."

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இரண்டையும் பார்த்துவிடுவோம்! நாளைக் காலை ஏரிக்கரையில் உட்காருவேன். எந்தப் பறவை முதலில் என் முன் இரையைக் கொண்டுவந்து போடுகிறதோ அதுவே உயர்ந்தது. பருந்து வென்றால் மரங்களை வெட்டலாம்."

"இவள் வேலையும் போக வேண்டும் மகாராஜா" என்றார் ரணகேசரி.

"சரி, போகட்டும்!"

சடைச்சி ரணகேசரியின் பக்கம் திரும்பிப் பணிவாகக் கேட்டாள். "ஐயா, ஒரு சந்தேகம். நம் தளபதி பசிக்காக வேட்டையாடுகிறாரா, மகாராஜா மேல் உள்ள பக்தியால் வேட்டையாடுகிறாரா?"

"பசியா? சீச்சீ! முழுக்க முழுக்கப் பக்தி. வயிறு முட்ட விருந்து சாப்பிட்டிருந்தாலும் மகாராஜா விரலை அசைத்தால் பாய்ந்து போவார்."

ராஜாவின் கண்கள் கலங்கிவிட்டன.

"அப்படியானால், போருக்குப் போகும் தளபதியை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா மகாராஜா? தங்கள் கையாலேயே விருந்து வைக்க வேண்டாமா?"

"ஆகா, வைக்கிறேன்!"

ரணகேசரியின் முகம் சுருங்கிப் போனது. வேட்டைக்கு முதல் நாள் பருந்தைப் பட்டினி போட்டால்தான் அது பறந்து இரை பிடிக்கும்; இது வேட்டைக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொன்ன சொல்லை இனி எப்படி விழுங்குவது?

மறுநாள் காலை ராஜா பருந்துக்குக் காடைக்கறியைத் துண்டு துண்டாக ஊட்டினார்.

"போதும் மகாராஜா..." என்றார் ரணகேசரி ஈனக்குரலில்.

"என்ன ஐயா, தளபதி இன்னும் கேட்கிறாரே!" ஏழாவது காடையும் உள்ளே போனது.

ஏரிக்கரையில், புளியமரத்தடியில், வெண்குடையின் கீழ் ராஜாவை உட்கார வைத்தாள் சடைச்சி. ராஜா விரலை அசைத்தார். பருந்து பறந்தது. அது நேராகப் போய் ஒற்றைப் பனைமரத்தின் உச்சியில் உட்கார்ந்து, இறகை உப்பிக்கொண்டு, ஒரு கண்ணை மூடியது.

ரணகேசரி சீழ்க்கை அடித்தார். கறியை ஆட்டிக் காட்டினார். பருந்து மற்றொரு கண்ணையும் மூடியது.

"தளபதி தியானம் செய்கிறார்" என்றாள் சடைச்சி. ஏரியில் கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனை வளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று பையும் வயிறும் நிறைய மீனோடு எழும்பி, குஞ்சுகளைத் தேடிப் புளியமரத்துக்கு மேலே வந்தது.

ரணகேசரிக்குப் பதற்றம் தாங்கவில்லை. ராஜாவோடு வந்த முரசுக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். "முரசை அடியுங்கள்! அந்தச் சனியன் எழுந்திருக்கட்டும்!"

"ஐயா, இங்கே முரசு அடிக்கக் கூடாது" என்றாள் சடைச்சி.

"நீ யாரடி எனக்குச் சொல்ல? அடியுங்கள்!"

"ஐயையோ, அடிக்காதீங்க சாமீ!" என்று ஊர்ப் பெண்கள் கத்துவதற்குள் முரசு திடுமென்று முழங்கியது. கூழைக்கடா மிரண்டு போனது. மிரண்ட கூழைக்கடா உடம்பை இலேசாக்கிக்கொண்டுதான் பறக்கும். அலகைத் திறந்து, கொண்டுவந்த அத்தனை மீனையும் கீழே கக்கியது. மீன்கள் வெண்குடையில் தொபதொபவென்று விழுந்து, வழுக்கி, ராஜாவின் பாதங்களுக்கு முன்னால் வந்து துள்ளின. ஒன்பது கெண்டைகள்.

பனை உச்சியில் பருந்து அசையவே இல்லை.

"இது செல்லாது!" என்று அலறினார் ரணகேசரி. "அது கொண்டுவந்து கொடுக்கவில்லை மகாராஜா, பயத்தில் கக்கியது!"

சடைச்சி கைகட்டி நின்றாள். "ராஜாவுக்குப் பயந்து, பிள்ளைகளுக்கு வைத்திருந்ததைக் காலடியில் போட்டுவிட்டுப் போவதைத்தானே மகாராஜா, நாம் திறை என்கிறோம்?"

ராஜா மீன்களைப் பார்த்தார். மேலே கூட்டில் கத்துகிற குஞ்சுகளைப் பார்த்தார். பிறகு அவருடைய வயிறு மெல்லக் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு பெருகிப் பெருகி, வெண்குடை பிடித்தவனே குடையோடு ஆடினான்.

"மரங்கள் பிழைத்தன!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. தம் முத்துமாலையைக் கழற்றிச் சடைச்சியிடம் கொடுத்தார். "குஞ்சுகள் பறக்கும்வரை இந்த ஊரில் அரண்மனை முரசும் முழங்கக் கூடாது. அந்தக் கூழைக்கடாவுக்கு என்ன பதவி கொடுக்கலாம், சொல்!"

"அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது மகாராஜா. மறுபடியும் மீன் பிடிக்கப் போயிருக்கிறது."

"சரி, நம் தளபதி எப்போது இறங்குவார்?"

"பக்தி வந்ததும் இறங்குவார். ஏழு காடை ஆயிற்றே, இரண்டு நாளாவது ஆகும்."

"அதுவரை ரணகேசரி இங்கேயே இருந்து அழைத்து வரட்டும்!" என்று சொல்லிவிட்டு ராஜா பல்லக்கில் ஏறினார். அவர் சிரிப்பு கோட்டை வாசல்வரை கேட்டதாம்.

ரணகேசரி கறித்துண்டோடு பனையடியில் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே, ஏரிக்கும் புளியமரங்களுக்கும் நடுவே, கூழைக்கடாக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. அண்ணாந்து பார்த்த ரணகேசரி, பட்டுத் தலைப்பாகையை மெதுவாகக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.