ரிட்ரீட் என்ற சொல்லின் வேர்

“பதினோரு நாளாக வாயைத் திறக்கவில்லை. ஆனால் உள்ளே சத்தம் ஓயமாட்டேன் என்கிறது” என்றார் தெய்வசிகாமணி.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. கல்லூரியில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவர். மௌனம் பழக ஏற்காட்டு மலையில் இருந்த அந்தக் குடிலுக்கு வந்திருந்தார். குடிலை நடத்திய மரகதம் அவரைவிட இருபது வயது சின்னவர்.

மரகதம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன சத்தம்?”

“சொற்கள் அம்மா. கண்ணை மூடினால் வரிசையாக வருகின்றன. ஹெர்மிட். தனித்து வாழும் துறவி. அதன் கிரேக்க வேருக்கு ஆளில்லாத வெளி என்று பொருள். ரெக்லூஸ். கதவை அடைத்துக்கொண்டு தனியாக இருப்பவர். ஆனால் லத்தீனில் அதன் வேருக்கு முதலில் திறப்பது என்றுதான் பொருள். பிற்பாடு அடைப்பது என்று மாறிவிட்டது. எப்படி மாறியது என்று நாள் முழுக்க யோசிக்கிறேன்.”

“இங்கே வந்திருக்கிறீர்களே, இதற்கு என்ன சொல்?”

“ரிட்ரீட்.” அவர் முகம் சற்றுத் தெளிந்தது. “பின்னால் இழுத்துக்கொள்வது. தோற்ற படை பின்வாங்குவதற்கும் அதே சொல்தான்.”

“நீங்கள் எதிலிருந்து பின்வாங்கினீர்கள், ஐயா?”

தெய்வசிகாமணி எழுந்தார். ஜன்னல் வரை போனார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“இந்தச் சத்தம் ஓய வழி கேட்கத்தான் உங்களிடம் வந்தேன். இது அதற்குப் பதில் இல்லையே” என்றார்.

மரகதம் பழுத்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

“வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

“மனைவி. பூங்கோதை. அவள் தங்கை வந்து பார்த்துக்கொள்கிறாள்.”

“உடம்புக்கு என்ன?”

“பக்கவாதம். ஒன்றரை வருடமாகிறது. கை கால் தேறிவிட்டது. பேச்சுதான் வரவில்லை. நான் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பேசிக்கொண்டே இருப்பேன். ஒரு நேரத்தில் சொல்ல எதுவும் இருக்காது. அப்போதும் பார்த்துக்கொண்டிருப்பாள்.”

“அப்போது என்ன செய்வீர்கள்?”

“செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

மரகதம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தெய்வசிகாமணி தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

“சேலத்துக்கு இரண்டு மணிக்கு பஸ் இருக்கிறது.”

“இன்னும் பத்து நாள் பயிற்சி பாக்கி இருக்கிறதே.”

“ஆமாம்.”

தெய்வசிகாமணி பையின் வாரை முறுக்கினார், அவிழ்த்தார், மறுபடி முறுக்கினார்.

“போய் அவளிடம் நான் என்ன பேசுவது?”

“பேசக் கற்றுக்கொள்ளவா மலையேறி வந்தீர்கள்?” என்றார் மரகதம்.