கும்பிட்டபின் உட்காரும் வழக்கம் வந்த கதை

மாடும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில் கள்ளிவயல் என்றோர் ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே, வேப்பமரத்தடியில் ஐயனார் கோயில். சாமிகளும் அப்போது மனிதரோடு பேசுவது உண்டு. ஆனால் ஐயனார் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

ஊரார் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். விடிந்ததும் வயலுக்குப் போகிற வழியில் கோயில் முன் நிற்பார்கள். திருநீறு பூசுவார்கள், வேண்டியதைச் சொல்வார்கள், உடனே கிளம்பிவிடுவார்கள். நாற்று, களை, மாட்டுக்குத் தீனி, பிள்ளைக்குக் கஞ்சி என்று எல்லாருக்கும் வேலை காத்திருந்தது.

ஒரு சமயம் மழை பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. கிணறுகளில் சேறுதான் மிச்சம். ஊரார் ஐயனாரிடம் ஓடி வந்து தண்ணீர் கேட்டார்கள். கேட்ட கையோடு மண் தோண்ட ஓடினார்கள். எங்கே தோண்டினாலும் காய்ந்த மண்தான் வந்தது. கடைசியில் ஊரைவிட்டு ஆற்றோரமாகப் போய்விடுவது என்று பேசி முடித்தார்கள்.

புறப்பட்ட அன்று இருளாயி தன் பொதிமாட்டை ஓட்டிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வந்தாள். அவள் நிறைமாதக்காரி. வெயில் ஏறுவதற்குள் பொட்டலைக் கடந்துவிட வேண்டும் என்று கணவன் ஆண்டிச்சாமி சொல்லிவிட்டு, வண்டிகளோடு முன்னால் போயிருந்தான். கோயிலைப் பார்த்ததும் அவள் நடந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த இடத்தில் மாடு நின்றுவிட்டது.

"ஆத்தா, முடியலை. கொஞ்சம் படுத்துக்கிறேன்" என்றது.

அவள் கம்பை ஓங்கினாள். வண்டிகள் தூரத்தில் புள்ளியாகிக்கொண்டிருந்தன. மாட்டின் விலா எலும்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் அவளுக்குக் கை தாழ்ந்தது. கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பொதியை அவிழ்த்து இறக்கினாள். மாடு படுத்தது. அவளும் அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முதலில் மனம் வண்டிகளுக்குப் பின்னாலேயே ஓடியது. வெயில், வழி, பிரசவம் என்று என்னென்னவோ நினைத்தாள். பிறகு மாட்டின் மூச்சு அவள் முதுகில் ஏறி இறங்கியது. அவள் மூச்சும் மெல்ல அதோடு சேர்ந்துகொண்டது. வேப்பம்பழுப்பு உதிர்கிற சத்தம் கேட்டது. அதற்கும் அடியில் ஒரு குரல் கேட்டது. வெகுநாளாகவே பேசிக்கொண்டிருக்கும் ஒருவருடைய குரல்போல இருந்தது.

"என் முதுகுப் பக்கம் அறுகம்புல் வாடாம நிக்குது. அங்கே தோண்டுங்க, தாயி."

இருளாயிக்குப் பயம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. "எத்தனை நாளா கேட்டோம் சாமி. ஊரைக் காலி பண்ணுற அன்னிக்கா சொல்லுவ?"

"கேட்ட அன்னிக்கே சொன்னேன். நீங்க வாயால கேட்டீங்க. காதால கேக்க யாரும் நிக்கலை."

அவள் எழுந்து கோயிலின் பின்புறம் போனாள். ஒரு பாய் விரிப்பளவு புல் பச்சைப்பசேல் என்று நின்றது.

மனைவியைக் காணாமல் ஆண்டிச்சாமி திரும்பி வந்தான். அவனோடு ஆட்களும் வந்தார்கள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, வெயில் தலைக்கேறிவிட்டது என்றார்கள்; தோண்டித் தோண்டிக் கை தேய்ந்ததுதான் மிச்சம் என்றார்கள். இருளாயி அசையவில்லை.

"கொஞ்ச நேரம் வாயை மூடி உட்காருங்க. ஒண்ணும் கேக்கலைன்னா நானே முன்னால நடக்கிறேன்" என்றாள்.

அவள் சொன்ன உறுதிக்காக உட்கார்ந்தார்கள். சிலருக்குக் குரல் கேட்டது. ஆண்டிச்சாமிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சாகும்வரை அதை அவன் மறைத்ததும் இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், தும்பிகள் கோயிலுக்குப் பின்னால் போய்ப்போய் வருவது அவன் கண்ணில் பட்டது. எழுந்து போய்ப் புல்லைப் பார்த்தான். மண்வெட்டியை எடுத்தான்.

கழுத்தளவு ஆழத்தில் ஊற்று பீறிட்டது. முதல் தண்ணீரைப் பொதிமாட்டுக்குத்தான் வைத்தார்கள். வண்டிகள் ஊருக்குத் திரும்பின. இருளாயிக்குப் பிறந்த பெண்ணை அந்த ஊற்று நீரில்தான் குளிப்பாட்டினார்கள்.

அன்று முதல்தான் நம் மக்கள் கோயிலுக்குப் போனால், எத்தனை வேலை கிடந்தாலும், கும்பிட்டவுடன் திரும்பிவிடாமல் பிராகாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.