பூச்சி வீட்டார்

அந்தக் காலத்தில் சின்ன உயிர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. வண்ணத்தி வெறும் வண்ணத்திதான், மூட்டை வெறும் மூட்டைதான். அதிலும் வண்ணத்திக்கு மூட்டையைக் கண்டாலே ஆகாது. பூவில் குடியிருப்பவளுக்குக் கட்டில் சந்தில் குடியிருப்பவனோடு என்ன பேச்சு?

ஒரு ஐப்பசியில் அடைமழை பிடித்து ஆறு கரையை உடைத்தது. ஆமைதான் எல்லாரையும் முதுகில் ஏற்றி மேட்டில் கொண்டுபோய் விட்டது. ஒரு நடைக்கு ஒரு குடும்பம் என்பதில் அது கண்டிப்பு. பாதிப் பேரை ஏற்றினால் மீதிப் பேர் நின்று அழுவதை அதனால் தாங்க முடியாது. எறும்புக் குடும்பம் போனது, ஈக் குடும்பம் போனது. கடைசியாக ஒரு கல்லின்மேல் நனைந்த இறகோடு வண்ணத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் தட்டான், கரப்பான், எட்டுக்கால், ஓரத்தில் மூட்டை.

“இதுதான் கடைசி நடை, ஏறும்மா,” என்றது ஆமை. “உங்க வீட்டு ஆளுங்க வேற யாரும் உண்டா?”

திரும்பிப் பார்க்காமல் ஏறியிருக்கலாம். பார்த்துவிட்டாள். தனக்கு இடமில்லை என்று தானே முடிவு செய்துகொண்டு, மூட்டை தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடி நின்றான். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“எல்லாருமே எங்க வீட்டு ஆளுங்கதான், அண்ணே. குடும்பப் பேரு பூச்சி,” என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

“அந்த மூட்டையுமா?”

“மூட்டைப்பூச்சி. எங்க சித்தப்பா.”

ஆமை ஏற்றிக்கொண்டது. முதுகில் ஒரே உபசாரம்: “நீங்க உட்காருங்க”, “இல்லைங்க, நீங்க முதல்ல.” நடு ஆற்றில் ஆமைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஒரே வீட்டு ஆளுங்க இவ்வளவு மரியாதையாவா பேசுவீங்க? பொய்னு தெரிஞ்சா இங்கேயே முங்கிடுவேன்.”

அந்த நேரம் பார்த்து மூட்டை, பயத்தில் பழக்க தோஷமாகக் கரப்பானைக் கடித்துவைத்தான். கரப்பான் துள்ளி எட்டுக்காலை மிதித்தான்.

“உங்களாலதான் சித்தப்பா நம்ம மானமே போகுது,” என்று கத்தினாள் வண்ணத்தி.

“நீ மட்டும் ஒழுங்கா? உன் இறகுத் தூளெல்லாம் என் கண்ணுல,” என்றான் தட்டான்.

“சரி சரி, ஒரே வீடுதான்,” என்று ஆமை நிம்மதியாக நீந்தியது.

கரையேறியதும் தோட்டம், குளக்கரை, அடுப்படி, விட்டம், கட்டில் என்று அவரவர் பிழைப்பைப் பார்க்கக் கிளம்பினார்கள். மூட்டை மட்டும் தயங்கினான்.

“பேரைத் திருப்பிக் கொடுத்துடவாம்மா?”

“வச்சுக்குங்க, சித்தப்பா. ஆனா எங்க வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க.”

அன்று முதல்தான் அவர்கள் எல்லாருக்கும் பூச்சி என்று ஒரே பெயர். இன்றைக்கும் நாம் கட்டிலை வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சியைத் திட்டும்போது, பக்கத்துச் செடியிலிருக்கும் வண்ணத்துப்பூச்சி சட்டென்று எழுந்து போய்விடும். என்ன இருந்தாலும் சித்தப்பா அல்லவா?