வேனில் வந்த நான்கு டாக்டர்கள்

குழந்தைகள் வார்டில் அன்று டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. டாக்டர்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்று பார்க்க ஆய்வுக் குழு வருகிறதென்று பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேரை வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். தலை எண்ண வருகிறவர்களுக்குத் தலையைக் காட்டித்தானே ஆகவேண்டும்.

மேற்படிப்பு மாணவன் பரிதி முப்பது மணி நேரமாக வேலையில் இருந்தான். வந்தவர்களில் மூத்தவரான ஜெபசிங் அவன் கையிலிருந்த கேஸ் ஷீட்டை வாங்கிக்கொண்டு, போய்ப் படுக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கினான். எழுந்து வந்தபோது எல்லாக் குழந்தைகளையும் பார்த்து முடித்திருந்தார்கள். ஒரு தாய் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்கு அழுகை வந்தது.

போன மாதம் ஒரு நாள் இதே வார்டில் அவன் ஒற்றை ஆளாக நின்றான். தலைமை டாக்டர் மரகதவல்லி அரசு வேலையாக வெளியூர் போயிருந்தார். ஒன்பதாம் கட்டில் குழந்தைக்கு மூச்சுத் திணறியபோது, அவன் வார்டின் மறுகோடியில் இன்னொரு குழந்தைக்கு குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தான். ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாலு மணிக்கு ஆய்வுக் குழு முழுத் திருப்தியோடு கிளம்பியது. உடனே வேனும் வாசலுக்கு வந்தது. பரிதி மரகதவல்லியின் அறைக்குப் போனான்.

"மேடம், ஒருத்தரையாவது நிறுத்தி வைங்க. ஜெபசிங் சார் மட்டும் இருந்தாக்கூடப் போதும்."

"அவர்கிட்டயே கேளு. அவங்க வார்டை இப்ப யார் பாக்குறாங்கன்னும் கேளு."

ஜெபசிங் வேன் அருகே போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். எங்கள் வார்டில் ஒரு பெண் மட்டும் இருக்கிறாள், அவளும் உன்னைப்போல் படிக்கிறவள்தான் என்றார். அரை மணி நேரமாக அவள் போனை எடுக்கவில்லை என்றும் சொன்னார்.

பரிதி திரும்பி வந்து கதவோரம் நின்றான்.

"இன்னிக்காவது ஆய்வுக் குழுகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே மேடம்?"

மரகதவல்லி கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"போன மாசம் நான் போனது அவங்க ஆஸ்பத்திரிக்குத்தான். அன்னிக்கு அங்க ஆய்வு."

வெளியே வேன் புறப்படும் சத்தம் கேட்டது.

"ஜெபசிங் அன்னிக்கு என்னையும் இப்படித்தான் போய்ப் படுக்கச் சொன்னார்," என்றார் அவர். "ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் தூங்கினேன். ஒன்பதாம் கட்டில் கேஸ் ஷீட்ல நீ எழுதியிருந்த நேரம், மூணேகால்."