கயிறு கட்டிய கிணறு

கொப்பரைப்பட்டிக்காரர்கள் யார் சொன்ன பேச்சையும் தட்டமாட்டார்கள். அவர்கள் பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

அந்த வருஷம் மழை முடிந்ததும் ஊருக்குள் வயிற்றுப்போக்கு புகுந்தது. ஆளாளுக்குச் சொம்பும் கையுமாக ஓடினார்கள். ரொம்பக் கலங்கிப்போனவர் சடையப்பன்தான். மகள் பூங்காவனத்துக்கு அப்போதுதான் பக்கத்து ஊரில் நல்ல இடம் குதிர்ந்திருந்தது. ஊரில் சீக்கு நின்றால்தான் நிச்சயம் பண்ண வருவோம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லியனுப்பிவிட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் எஸ்தர் வந்தார். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், பிறகு ஆற வையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊரே கொதிக்க வைத்தது. ஆற வைப்பதில்தான் சிக்கல். ஊரிலேயே குளுகுளுவென்று இருக்கும் இடம் எது என்று கூடிப் பேசினார்கள். கிணறுதான் என்று முடிவாயிற்று. கொதித்த தண்ணீரைக் குடம் குடமாகக் கிணற்றில் ஊற்றினார்கள். உடனே இறைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. நர்ஸம்மாவை மெச்சிக்கொண்டே குடித்தார்கள்.

சீக்கு மட்டும் நிற்கவில்லை. மறுபடி வந்த எஸ்தர் கிணற்றடியில் நடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சின தண்ணியும் காய்ச்சாத தண்ணியும் ஒண்ணாக் கலந்துபோச்சேய்யா."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஊருக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்.

"கலக்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார் ஊர்த்தலைவர் கொப்பையா. "கிணத்துக்குக் குறுக்கே ஒரு கயித்தைக் கட்டுவோம். மேற்கே காய்ச்சினது, கிழக்கே காய்ச்சாதது."

கிழக்குத் தண்ணீர் கயிற்றைத் தாண்டி வந்தால் என்ன செய்வது என்று சடையப்பன் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் தடியைக் கொடுத்து அவரையே காவலுக்கு உட்கார வைத்தார்கள். மகள் கல்யாணமே அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது என்று பாவம், மனுஷன் கண் கொட்டாமல் பார்த்தார்.

எஸ்தர் அதற்குமேல் யாரிடமும் வாய் கொடுக்கவில்லை. தினமும் வந்து பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தானே கிணற்றில் ஊற்றினார். கொஞ்ச நாளில் ஊரின் வயிறு அடங்கியது. ஊரார் கயிற்றுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா சீனியப்பன் காபியைக்கூடத் தொடாமல் நேரே கிணற்றடிக்குப் போனார். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. சடையப்பன் தடியோடு பக்கத்தில் ஓடிவந்தார்.

"காய்ச்சின தண்ணி எந்தப் பக்கம்?"

"மேற்கே, சம்பந்தி."

"தினம் சாயங்காலம் சூரியனே மேற்கேதானய்யா இறங்குது? அது காய்ச்சாதா? எதுக்கு இவ்வளவு விறகைப் பாழாக்கினீங்க?"

இப்படிப்பட்ட மூளைக்காரர் வீட்டுக்கா மகள் போகிறாள் என்று சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே தாம்பூலம் மாற்றினார்கள். எல்லா அடுப்பையும் உடனே அணைக்கும்படி கொப்பையா உத்தரவு போட்டார்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைச் சீனியப்பன் கைநீட்டித் தடுத்தார்.

"கிழக்குத் தண்ணியா எடுங்க. வெந்நீரை ஊத்தினா நெருப்பு இன்னும் சூடாயிடும்."